சூளை ஆறுவதற்கு முன்

வலிக்குமா என்று கேட்க என் மனைவிக்கு அவர் ஒரு நாளும் அவகாசம் கொடுத்ததில்லை. காலையில் காலிங் பெல் அடிக்கும். கதவைத் திறந்தால் ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல் உள்ளே வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, மனைவியின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டி, அவள் வாயைத் திறப்பதற்குள் குழாயில் ரத்தம் ஏறிக்கொண்டிருக்கும். “ஆச்சுல்லா. மடக்கிப் பிடிச்சுக்கிடுங்கக்கா” என்பார். நான் காபி வேண்டுமா என்று கேட்க வருவதற்குள் கீழே ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்கும்.

செம்பூர், மாட்டுங்கா, சயான் பக்கமெல்லாம் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து ஒரு லேபுக்குக் கொண்டு சேர்ப்பது அவருடைய வேலை. முகத்தில் மாஸ்க், தலையில் ஹெல்மெட். அதனால் முகம் எனக்குத் தெரியாது. குரல் மட்டும்தான்.

அந்தக் குரலை நான் மறுபடி கேட்டது ஒரு கல்லூரி வகுப்பில். இன்சூரன்ஸ் ஆபீஸிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு நான் வீட்டோடு இருந்த சமயம். சமையலறை டப்பாக்களை இடம் மாற்றி வைக்க ஆரம்பித்தேன். மனைவி இரண்டு வாரம் பொறுத்தாள், பிறகு அவளே தேடிப்பிடித்து என்னை ஒரு வகுப்பில் சேர்த்துவிட்டாள். மாட்டுங்கா ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு கல்லூரி. வயது வித்தியாசம் பார்க்காமல் யாரையும் சேர்த்துக்கொள்வார்கள். டிராயிங், பெயிண்டிங், களிமண் வேலை மூன்றும் சேர்ந்து ஒரு வருடப் படிப்பு. மதியத்துக்கு மேல்தான் வகுப்பு.

முதல் நாள் பக்கத்து ஸ்டூலில் இருந்த பெண்மணி என்னைத் திரும்பிப் பார்த்தார். நாற்பதைத் தாண்டியவர். காட்டன் சுரிதார், கைக்கடிகாரம் மணிக்கட்டின் உள்பக்கமாக.

“செம்பூர்தான நீங்க? அக்காவுக்கு சுகர் கொறஞ்சிருக்கா?”

வகுப்பு முழுக்கக் கேட்டது. என் மைத்துனனிடம்கூட நாங்கள் சொல்லாத விஷயம். நான் மென்று விழுங்கி, “இப்ப பரவாயில்ல...” என்று ஆரம்பித்தேன்.

“மாத்திரை மாத்திட்டாவளாக்கும்” என்று அவரே முடித்துவிட்டு பென்சிலைச் சீவப் போய்விட்டார். மாத்திரை மாற்றவில்லை. அதைச் சொல்ல அவர் அங்கே இல்லை.

அன்றிலிருந்து நான் அவருக்கு அண்ணாச்சி. தாராவியிலேயே பிறந்து வளர்ந்தவர். பேச்சு மட்டும் அப்பா அம்மாவோடு திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தது. கோபம் வந்தால் ஹிந்தி. மற்றவர்கள் ஆரம்பிக்கும் வாக்கியங்களையெல்லாம் அவர்தான் முடிப்பார், பாதிக்குப் பாதி தப்பாக. இருந்தாலும் அவரோடு கொஞ்ச நாள் பழகினால் நமக்கே நம் பேச்சு நீளமாகத் தோன்ற ஆரம்பித்துவிடும். நான் வேகமாகப் பேசத் தொடங்கிவிட்டதாக மனைவி சொன்னாள். வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்தும் கொஞ்ச நேரம் நெஞ்சு படபடவென்று இருக்கும். ஏதோ ஒன்றுக்கு நேரமாகிவிட்டது போலவே இருக்கும். எதற்கு என்று தெரியாது.

டிராயிங்கில் அந்த வேகம் அவருக்கு உதவியது. எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த மேடம் ஒரு மராத்திக்காரர். மேசைமேல் ஒரு கூஜாவும் இரண்டு வெங்காயமும் வைத்து வரையச் சொன்னார். நாங்கள் எல்லாரும் பென்சிலை நீட்டி, ஒரு கண்ணை மூடி அளவு பார்த்துக்கொண்டிருந்தோம். இவர் முடித்துவிட்டு, கூஜாவை அளந்துகொண்டிருந்த எங்களை வரைந்துகொண்டிருந்தார். நாலைந்து கோடுகள்தான். ஆனால் அதில் நான் இருந்தேன். வயிறு ஸ்டூலுக்கு முன்னால் வந்திருந்தது. மேடம் அந்தத் தாளை எடுத்து ரொம்ப நேரம் பார்த்தார். “இதில் இனிமேல் கை வைக்காதே” என்று ஹிந்தியில் சொன்னார். இவர் ஏற்கெனவே அடுத்த தாளில் இருந்தார்.

பெயிண்டிங் வேறு மாதிரி. வாட்டர் கலரில் முதல் பூச்சு காய்ந்த பிறகுதான் அடுத்ததைத் தொட வேண்டும். இவர் வானம் ஈரமாக இருக்கும்போதே கூரையைப் போட்டுவிடுவார். வானம் கூரையில் இறங்கும், கூரை சுவரில் இறங்கும், கடைசியில் படம் முழுக்க மழைக்காலத்துச் சாக்கடை நிறம் வந்துவிடும். ஒரு நாள் பையிலிருந்து ஹேர் டிரையரை எடுத்தார். மேடம் அதைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டி, இது பியூட்டி பார்லர் இல்லை என்றார்.

“காயுத வரைக்கும் என்ன செய்ய மேடம்? கையைக் கட்டிக்கிட்டு நிக்கவா?” என்று கேட்டார். தமிழில்தான் கேட்டார். மேடத்துக்குப் புரிந்தது.

களிமண்தான் அவர் பேச்சைக் கேட்கவே இல்லை. சக்கரத்தில் வைத்துத் தூக்குவதெல்லாம் எங்களைவிட அவருக்குச் சீக்கிரம் வந்துவிட்டது. ஆனால் செய்து முடித்த பிறகு மண் தன் பாட்டுக்குக் காய வேண்டும். வெயிலில் வைத்தார், விளிம்பு வெடித்தது. மின்விசிறி முன்னால் வைத்தார், ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. பாத்திரத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்க்க மேடம் கற்றுக்கொடுத்திருந்தார். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். இவர் கன்னத்தில் படுவதற்கு முன்னாலேயே “காஞ்சிருச்சு” என்பார். அப்படிக் காய்ந்த ஒரு கோப்பை முதல் சூட்டிலேயே சூளைக்குள் வெடித்தது. அதன் சில்லு ஒன்று நான் செய்த யானையின் முதுகில் போய் ஒட்டிக்கொண்டது. அதனால் யானைக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. என் மனைவி அதைப் பன்றி என்றுதான் நினைத்திருந்தாள்.

டீ குடிக்கப் போன ஒரு நாள் அவர் வீட்டுக்காரரைப் பற்றிச் சொன்னார். நான் கேட்கவில்லை.

“நெஞ்சப் பிடிச்சாவ. தண்ணி குடுன்னாவ. தண்ணியெல்லாம் பொறவு குடிக்கலாம்னு டாக்ஸியில ஏத்திட்டேன் அண்ணாச்சி. அவ்வளவு வெரசா ஆஸ்பத்திரியில கொண்டு விட்டேன். வெளிய இருங்கன்னாவ. இருந்தேன். சாயங்காலம் வந்து சொன்னாவ.”

டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்துவிட்டார். எனக்கு நாக்கு சுட்டுக்கொண்டிருந்தது.

இதை நான் வகுப்பில் ஓரிருவரிடம் சொன்னேன். எல்லாருக்கும் உடனே எல்லாம் விளங்கிவிட்டது. பாவம், அதனால்தான் அவரால் எதற்கும் காத்திருக்க முடிவதில்லை என்று பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பின்னால் அவருடைய மகளிடம் ஜாடைமாடையாகக் கேட்டபோது அவள் சிரித்துவிட்டாள். “இல்ல அங்கிள். அப்பா இருக்கும்போதும் அம்மா இப்படித்தான். கல்யாணத்துல தாலி கட்டுறதுக்கு முன்னாடியே எந்திரிச்சிட்டாங்கன்னு அப்பா சொல்லிச் சிரிப்பாரு.”

வருடக் கடைசியில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

எங்கள் வகுப்பிலேயே கெட்டிக்காரி கல்யாணிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு பெண். பத்தொன்பது இருபது வயது. வீட்டில் தமிழ், மற்றபடி ஹிந்தி. தமிழ் எழுத்து படிக்க வராது. பரோடாவில் மண்பாண்டக் கலைப் படிப்புக்கு விண்ணப்பித்திருந்தாள். அங்கே காட்டுவதற்காக முழங்கால் உயரத்துக்கு ஒரு ஜாடி செய்திருந்தாள். கழுத்து மெலிந்து, தோள் அகன்று, பார்த்தால் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது போல இருக்கும். அந்த ஒரு ஜாடிக்காக மழைக்காலத்திலும் ரயில் மாறி மாறி வந்து போனாள். கடைசிச் சூட்டில் எங்கள் எல்லாருடைய பாத்திரங்களோடு அதுவும் மினுக்குப் பூச்சுப் பூசிச் சூளைக்குள் போனது. கரண்டில் ஓடும் சூளைதான். அணைத்த பிறகும் மறுநாள் மாலை வரை திறக்கக் கூடாது என்று மேடம் கதவில் எழுதியே ஒட்டியிருந்தார்.

மறுநாள் நான் கொஞ்சம் முன்னதாகப் போயிருந்தேன். அறைக் காவலுக்கு இருப்பவர் சாப்பிடப் போயிருந்தார். சூளை முன்னால் என் பக்கத்து ஸ்டூல்காரர் நின்றுகொண்டிருந்தார். கையில் தடித்த கையுறை. கதவு ஒரு விரல் அளவுக்குத் திறந்திருந்தது. அந்த இடுக்கிலிருந்து வந்த அனல் வாசலில் நின்ற என் முகத்தில் அடித்தது.

“மூடுங்க” என்றேன்.

“ஒரு ஓரமாப் பாத்துட்டு மூடிருதேன் அண்ணாச்சி. என் கிண்ணம் நீலம் வந்திருக்கான்னு...”

அப்போதுதான் சத்தம் வந்தது. டிங் என்று ஒன்று. கொஞ்சம் கழித்து இன்னொன்று. பிறகு உள்ளே யாரோ சின்னச் சின்ன மணிகளை உருட்டிவிட்டது போல. கேட்க அழகாகத்தான் இருந்தது. அவர் கதவைச் சாத்தினார். சாத்திய பிறகும் அது நிற்கவில்லை.

“என்ன அது?” என்றார்.

எனக்குத் தெரிந்திருந்தது. அவருக்கும் தெரியும். வெளிக்காற்று பட்டால் சூடான பாத்திரம் விரிசல் விடும் என்று வருடம் முழுக்கக் கேட்ட பாடம் அது.

யாரும் அவரைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. மேடம் வந்து சேர்வதற்கு முன்பே, ஏன், சத்தம் நிற்பதற்கு முன்பே, வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் அவருடைய குரல் வந்துவிட்டது. ஹிந்தியில், பிறகு தமிழில். “சூளையை நாந்தான் தொறந்தேன். பானையெல்லாம் வெடிச்சுட்டு இருக்கு. வந்து பாத்துக்கிடுங்க.” அவ்வளவுதான். மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை என்று சிலர் கோபப்பட்டார்கள்.

மாலையில் திறந்தபோது சின்னப் பாத்திரங்கள் முக்கால்வாசி தப்பித்திருந்தன. அவருடைய கிண்ணம் குறையில்லாமல், நல்ல நீலத்தில் வந்திருந்தது. ஜாடியில் தோளிலிருந்து அடிவரை ஒரு கோடு. அந்தப் பெண் அழவில்லை. விரலால் அந்தக் கோட்டைத் தடவிக்கொண்டே போனாள். மேடம் மராத்தியில் கத்தினார். இவர் கேட்டுக்கொண்டு நின்றார். அவர் யார் பேச்சையும் இடையில் முடிக்காமல் நின்று நான் பார்த்தது அன்றுதான்.

இனி இந்த வருடம் சூளை போட முடியாது, வகுப்புகள் முடிந்துவிட்டன என்று மேடம் சொல்லிவிட்டார். இவர் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து, “இன்னொண்ணு செய்யி. என் வீட்டுல வந்து செய்யி. சுடுததுக்கு நான் பொறுப்பு” என்றார். அவள் தலையாட்டினாள். வேறு என்ன செய்வாள்?

ஒரு வாரம் கழித்து நான் தாராவியில் அவர் வீட்டுக்குப் போனேன். மே மாதம். ஒற்றை அறை, மேலே படுக்க ஒரு பரண். கீழே கட்டிலை நிமிர்த்திச் சுவரோடு சாய்த்து வைத்துவிட்டு, நடுத்தரையில் ஜாடி. அந்தப் பெண் இரண்டு நாள் வந்து மண் கயிறு திரித்துச் சுற்றிச் சுற்றி எழுப்பிவிட்டுப் போயிருந்தாள். அதன்மேல் ஈரத்துணி, துணிமேல் பிளாஸ்டிக். மகள் பரணில் உட்கார்ந்து நோட்டால் விசிறிக்கொண்டு பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். மின்விசிறி ஓடவில்லை.

“கரண்ட் இல்லையா?” என்றேன்.

“இருக்கு” என்றாள் மகள். “போடக் கூடாதாம்.”

“பேன் போட்டா ஒரு பக்கம் மட்டும் காஞ்சிரும்லா” என்றார் அவர். வாசலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே உட்கார முடியவில்லை. சந்தில் முனைவரை நடந்து போவார், திரும்பி வருவார், பிளாஸ்டிக்கைத் தூக்கி ஜாடியில் கன்னத்தை வைப்பார். இந்த முறை உண்மையாகவே வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு, யாரோ ரகசியம் சொல்வதைக் கேட்பது போல. பிறகு மூடிவிட்டு மறுபடி நடை.

“எப்படி இருக்கு?” என்று கேட்டேன்.

“சில்லுனு கெடக்கு” என்றார் எரிச்சலாக. “எத்தன நாள் இப்படிக் கெடக்கும் இந்தச் சனியன்.”

சந்துக்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ராத்திரி வியர்வையில் தூக்கம் இல்லை என்று மகள் முணுமுணுத்தாள். இவர் அவளை அதட்டவில்லை. ஈரத்துண்டு ஒன்றைப் பிழிந்து பரணில் எறிந்தார். ஒன்று ஜாடிக்கு, ஒன்று மகளுக்கு.

தாராவியிலேயே குயவர்கள் இருக்கும் கும்பார்வாடாவில் ஒரு குஜராத்திக் குயவருக்கு இவர் மாதாமாதம் ரத்தம் எடுப்பவர். ஜாடி ஒருவழியாகக் காய்ந்ததும் அவருடைய சூளையில் அதற்கு இடம் கேட்டு வாங்கினார். சுட்ட மறுநாள் பிற்பகல் என்னையும் துணைக்கு வரச் சொன்னார். விறகுக்குப் பதிலாகப் போட்ட பஞ்சுக் கழிவு எரிந்த புகை அந்தச் சந்து முழுக்கத் தங்கியிருந்தது, கண் எரிந்தது. சூளைமேல் உடைந்த ஓடுகளைப் போட்டு மூடியிருந்தார்கள். குயவர் எங்களைப் பார்த்ததும் “ஷாம் கோ” என்று மட்டும் சொன்னார். சாயங்காலம்.

நான் ஒரு கவிழ்த்த தொட்டிமேல் உட்கார்ந்தேன். அவர் எதிரில் இன்னொன்றில். போன் வந்தது, எடுக்கவில்லை. கால் ஆடிக்கொண்டே இருந்தது. முழங்காலைக் கையால் பிடித்து அழுத்தினார். கொஞ்ச நேரத்தில் அந்தக் கையும் ஆட ஆரம்பித்தது. இடையில் எழுந்து சூளைப் பக்கம் நாலடி போனார். குயவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். இவர் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“அண்ணாச்சி, ஏதாவது பேசுங்க.”

“என்ன பேச?”

“நீளமா ஏதாவது. நான் முடிக்க மாட்டேன்.”

நான் என் ஆபீஸ் கதையைச் சொன்னேன். ஒரு கிளெய்ம் எட்டு மேசை தாண்டிப் போய் மறுபடி என் மேசைக்கே வந்த கதை. என் மனைவிகூட இதுவரை முழுக்கக் கேட்டதில்லை. அவர் கடைசிவரை கேட்டார். கண் மட்டும் சூளையிலேயே இருந்தது.

குயவர் ஓடுகளை நீக்கி ஜாடியை எடுத்தபோது வெயில் இறங்கியிருந்தது. விரிசல் இல்லை. ஒரு பக்கம் செம்மண் சிவப்பு, மறுபக்கம் புகை பிடித்துக் கறுத்திருந்தது. அவர் தொடவில்லை. பையிலிருந்து பழைய பெட்ஷீட்டை எடுத்து விரித்துவிட்டு, ஆறட்டும் என்று நின்றார்.

மறுநாள் அதை டாக்ஸியில் கல்லூரிக்குக் கொண்டுவந்தார். மேடத்தைப் பார்க்க அந்தப் பெண்ணும் கல்யாணிலிருந்து வந்திருந்தாள். ஜாடியைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள், மேடத்தைப் பார்த்தாள்.

“ஆன்ட்டி, நான் அந்த பழைய ஜாரையே அனுப்பிட்டேன். கிராக் ஆனதுதான். அப்படியே அனுப்புன்னு மேடம் சொன்னாங்க. பரோடால அவங்களுக்குப் பிடிச்சிருச்சு. இன்டர்வியூக்குக் கூப்பிட்டிருக்காங்க.”

“எப்ப அனுப்புன?”

“அடுத்த நாளே. உங்க வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே.” அவள் குரல் இறங்கிவிட்டது. “நீங்க அவ்ளோ ஆசையா கூப்ட்டீங்க. வேணாம்னு சொல்ல பயமா இருந்துச்சு.”

இப்போது கத்துவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் ஜாடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். “சரி. கூப்ட்டாவல்லா, நல்லதாப் போச்சு” என்றார்.

“இத நீங்களே வச்சுக்கங்க ஆன்ட்டி.”

அந்தப் பெண்ணுக்குப் பரோடாவில் இடம் கிடைத்தது. இவர் சான்றிதழ் வாங்கும் நாளுக்கு வரவில்லை. அவருடைய சான்றிதழ் இன்னமும் மேடத்தின் அலமாரியில் ஹேர் டிரையரோடு கிடக்கிறது. லேபை விட்டுவிட்டு, செம்பூருக்கு அந்தப் பக்கம் சீத்தா கேம்பில் சொந்தமாக ஒரு ரத்தப் பரிசோதனைக் கடை போட்டிருக்கிறார் என்று மகள் ஒருமுறை போனில் சொன்னாள். போக வேண்டும் என்று நினைக்கிறேன். போகவில்லை.

நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது அந்த ஜாடி நாளன்று சாயங்காலம்தான். கிட்டத்துச் சவாரி என்பதால் எந்த டாக்ஸிக்காரரும் வரவில்லை. ஒரே ஒரு ஸ்டேஷன்தானே என்று ரயிலில் ஏறினோம். தாராவிக்கு அவர் அடுத்த ஸ்டேஷன் சயானில் இறங்க வேண்டும், நான் அதையும் தாண்டி குர்லாவில் மாற வேண்டும். கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. பெட்ஷீட்டில் சுற்றிய ஜாடியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு ஒரு மூலையில் நின்றார். உள்ளே என்ன என்று ஒருவர் கேட்டார். பெட்ஷீட்டை இன்னும் இழுத்து மூடினார்.

சயான் வந்தது. இறங்குகிறவர்களும் ஏறுகிறவர்களும் வாசலில் மோதிக்கொண்டார்கள். நான் அவருக்கு வழி பண்ண முன்னால் போனேன், தோளைக் கொடுத்துத் தள்ளினேன். திரும்பிப் பார்த்தால் அவர் மூலையிலேயே நின்றிருந்தார்.

“வாங்க, வாங்க. வண்டி எடுத்துருவான்.”

“போட்டும் அண்ணாச்சி” என்றார். “இடிபட்டா போயிரும். குர்லால எறங்கி வந்துக்கிடுதேன்.”

குர்லாவில் எல்லாரும் இறங்கும்வரை இருந்துவிட்டு இறங்கினோம். திரும்பிப் போகிற வண்டிகள் வரும் பிளாட்பாரத்தில் அவரை ஒரு பெஞ்சில் உட்கார வைத்தேன். “ஒங்க வண்டிக்கு நேரமாச்சு, நீங்க போங்க” என்றார். நான் படியேறி மேம்பாலத்தில் நின்று கீழே பார்த்தேன். ஒரு வண்டி வந்து, நிரம்பி, போனது. அவர் ஜாடியை மடியில் வைத்து, மேலே போட்டிருந்த பெட்ஷீட்டைச் சரிசெய்துகொண்டிருந்தார். கால் ஆடவில்லை. அடுத்த வண்டி வந்தது. அதிலும் கூட்டம். அதையும் போகவிட்டார்.